பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்க மறுத்தால்

பரணிலிருந்து ஒரு 486 இறங்குகிறது. தூசி தட்டி, கீபோர்டு மாட்டி, சுவிட்சைப் போட்டால் மெமரி எண்ணிக்கை ஓடுகிறது, ஒரு பீப் வருகிறது, அப்புறம் கறுப்புத் திரையில் ஒற்றை வரி: ஹெச்டிடி கன்ட்ரோலர் ஃபெயிலியர். பலரும் அந்த இடத்திலேயே "டிஸ்க் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரல் ஒரு கேள்வி கேட்டது, பதில் வரவில்லை என்பதுதான் அந்த வரிக்குப் பொருள். பதில் வராததற்குக் கேபிள், ஜம்பர் (டிஸ்க்கின் பின்களில் மாட்டும் குட்டி இணைப்பு மூடி), கரண்ட், கார்டு என்று பல காரணங்கள் இருக்கலாம். டிஸ்க்கே செத்திருப்பது அவற்றில் ஒன்று.

இந்தக் கட்டுரை 1990களின் ஐடிஇ வகை (ஒரே தட்டை ரிப்பன் கேபிளில் இணையும்) ஹார்ட் டிஸ்க் உள்ள பிசிக்களுக்கானது. 386, 486, பென்டியம் என்று எதுவானாலும் வழி ஒன்றே. அதற்கும் முந்தைய எம்எஃப்எம் டிஸ்க்குகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். கையில் ஒரு மல்டிமீட்டர், ஸ்டார் தலை ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பென்சில் ரப்பர், செல்போன் கேமரா இருந்தால் போதும்.

வேலை தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டுமென்றால், படி எடுத்து முடிக்கும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது. டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் ஸ்கேன்டிஸ்க் வேண்டாம், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் வேண்டாம், "சரிசெய்யட்டுமா?" என்று எது கேட்டாலும் வேண்டாம். பழைய டிஸ்க் இன்று சுற்றினால் நாளையும் சுற்றும் என்று நம்பாதீர்கள். ஓர் அச்சகத்திலிருந்து வந்த 486 எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. 420 எம்பி டிஸ்க். மேசையில் அருமையாக ஓடியது, அன்றிரவே படி எடுத்தேன். அடுத்த வாரம் சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று கரண்ட் கொடுத்தேன், அசையவே இல்லை. பிறகு அந்த அச்சகத்துக் கதைக்குத் திரும்புகிறேன்.

சுவிட்சைத் தொடுவதற்கு முன்

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்புறம் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய சறுக்கு சுவிட்ச் இருக்கலாம். அதில் 115 என்று தெரிந்தால் 230க்கு நகர்த்துங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின்களில் இதைப் பார்க்காமல் நம் ஊர் பிளக்கில் செருகினால் வெடிச்சத்தத்தோடு கதை முடியும். பழைய ஏடி வகை கேபினெட்டுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. முன்பக்க சுவிட்சுக்குப் போகும் தடித்த ஒயர்களில் 230 வோல்ட் நேரடியாக ஓடுகிறது. மெஷின் அணைந்திருந்தாலும், பிளக் செருகியிருந்தால் அங்கே கரண்ட் இருக்கும். எனவே உள்ளே கை வைக்கும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அடிக்கும்.

மூடியைக் கழற்றியதும் எதையும் பிடுங்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பது நினைவில் நிற்கும் என்று நினைப்போம், நிற்காது.

அப்புறம் கரண்டை அளக்க வேண்டும். முதலில் ஹார்ட் டிஸ்க்கின் நாலு பின் பவர் கனெக்டரை உருவிவிடுங்கள். ஏடி எஸ்எம்பிஎஸ்கள் சுமை இல்லாமல் சரியாகக் கிளம்பாது, ஆகவே மதர்போர்டு இணைப்பு இருக்கட்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கனெக்டரின் கறுப்பு ஒயரில் வைத்துவிட்டு மற்றவற்றை அளங்கள். சிவப்பில் 5 வோல்ட் (4.75 முதல் 5.25 வரை), மஞ்சளில் 12 வோல்ட் (11.4 முதல் 12.6 வரை) வர வேண்டும். டிஸ்க்கைச் சுற்றவைக்கும் மோட்டார் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது, கிளம்பும் நொடியில் அது மிக அதிகமாக இழுக்கும். மஞ்சள் ஒயரில் 10 வோல்ட் காட்டினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

அந்த அச்சகத்து மெஷினுக்கு வருவோம். வோல்டேஜ் சரியாக இருந்தது, டிஸ்க்கில் சத்தமே இல்லை. ஒரு மணி நேரம் டிஸ்க்கையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், பவர் கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக்குக்குள் மஞ்சள் ஒயரின் உலோகக் குழல் பின்னால் நகர்ந்துபோயிருந்தது. செருகும்போது பின்னைத் தொடாமல் பின்வாங்கிவிடும். மீட்டர் முனையை உள்ளே விட்டு அளந்தபோது மட்டும் தொட்டது. அதை முன்னால் தள்ளியதும் டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. இதற்குப் பிறகு, வேறு எதையும் பார்க்கும் முன் மற்றொரு பவர் கனெக்டரை மாற்றிச் செருகிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

செத்துப்போன செல்

பழைய மெஷின்களில் டிஸ்க்கின் அளவுக் கணக்கை பயாஸ் தானாகக் கண்டுபிடிக்காது. நாம்தான் எழுதிவைக்க வேண்டும், அது சீமாஸ் நினைவகத்தில் இருக்கும், அந்த நினைவகத்தை ஒரு செல் உயிரோடு வைத்திருக்கும். செல் தீர்ந்தால் பயாஸுக்கு மறதி வந்துவிடும். தேதி 1980 என்று காட்டுகிறதா? சீமாஸ் செக்சம் எரர் என்கிறதா? அப்படியானால் டிஸ்க் காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் செல்தான்.

செல் மூன்று வகைகளில் இருக்கும். வட்டமான சிஆர்2032 என்றால் பிரச்சினையே இல்லை, கடையில் வாங்கிப் போடலாம். நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் கவலைப்படுங்கள். அது ஒழுகி, பக்கத்துத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். ஒழுகாவிட்டாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். அரிப்பு இருந்தால் வினிகரில் நனைத்த பிரஷால் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். அதன் இடத்தில் சிஆர்2032ஐ நேராகப் பற்றவைக்கக் கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், லித்தியம் செல்லுக்கு அது ஆகாது. பல போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்றே நாலு பின் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது வகை, மேலே அலாரம் கடிகாரப் படம் போட்ட கறுப்புக் கட்டியான டல்லாஸ் சிப். செல் அதற்குள்ளேயே புதைந்திருக்கிறது. சாக்கெட்டில் இருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் சால்டரிங் தெரிந்த நண்பரைப் பிடியுங்கள். அதுவரை ஒவ்வொரு முறையும் கணக்கைக் கையால் அடித்துக்கொள்ளலாம், வேலை நடக்கும்.

அந்தக் கணக்கு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே இருக்கலாம். சிலிண்டர் (தட்டின் தடங்கள்), ஹெட் (தட்டைப் படிக்கும் முனைகள்), செக்டர் (ஒரு தடத்தின் துண்டுகள்) என்று மூன்று எண்கள். உதாரணமாக சீகேட் எஸ்டி3144ஏ டிஸ்க்குக்கு 1001, 15, 17. மூன்றையும் பெருக்கி, ஒரு செக்டருக்கு 512 பைட் என்று மறுபடி பெருக்கினால் 13,06,90,560 பைட், அதாவது சுமார் 130 எம்பி. பயாஸில் டைப் 47 அல்லது யூசர் என்ற இடத்தில் இந்த மூன்றையும் அடிக்க வேண்டும். ஐடிஇ ஆட்டோ டிடெக்ஷன் என்று ஒரு மெனு இருந்தால் அதைச் சொடுக்கினால் டிஸ்க்கே தன் எண்களைச் சொல்லிவிடும். இது ஒரு நல்ல சோதனையும்கூட. எண்கள் வந்துவிட்டால் டிஸ்க்கின் சர்க்யூட், கேபிள், கார்டு எல்லாம் பேசிக்கொள்கின்றன என்று பொருள்.

ஆனால் பெரிய டிஸ்க்குகளில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பயாஸால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற எல்லையைத் தாண்ட முடியாது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 52.8 கோடி பைட். இதற்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்காக நார்மல், லார்ஜ், எல்பிஏ (செக்டர்களை வரிசையாக எண்ணுவது) என்று மூன்று முறைகள் வந்தன. டிஸ்க் எந்த முறையில் பார்ட்டிஷன் (பகுதி பிரிப்பு) செய்யப்பட்டதோ, அதே முறையில்தான் படிக்க வேண்டும். செல் செத்து பயாஸ் வேறு முறைக்கு மாறியிருந்தால் டிஸ்க் தெரியும், கோப்புகள் தெரியாது. சில சமயம் பார்ட்டிஷனே இல்லை என்று சொல்லும். அந்த நேரத்தில் எஃப்டிஸ்க்கை எடுத்துப் புது பார்ட்டிஷன் போட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று முறைகளையும் மாற்றி மாற்றி ஒருமுறை பூட் செய்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

அதே பயாஸில் லோ லெவல் ஃபார்மேட் என்றும் ஒரு மெனு இருக்கலாம். அது ஐடிஇ டிஸ்க்குக்கானது இல்லை. கிட்டே போகாதீர்கள்.

கேபிளும் ஜம்பரும்

தட்டையான ரிப்பன் கேபிளில் ஓர் ஓரம் சிவப்பாக இருக்கும். அதுதான் ஒன்றாம் எண். டிஸ்க்கில் அந்த ஓரம் வழக்கமாகப் பவர் கனெக்டர் பக்கம் வரும். மதர்போர்டு அல்லது கார்டின் பக்கம் 1 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். தலைகீழாகச் செருகினால் மெஷின் நின்றுவிடலாம், அல்லது ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கலாம். கேபிள் 18 அங்குலத்துக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. புதிய கேபிள்களில் 20ஆம் துளை அடைத்திருக்கும், பழைய டிஸ்க்குகள் சிலவற்றில் 40 பின்னும் முழுதாக இருக்கும். அங்கே பலத்தைக் காட்டினால் பின் வளையும். துளை அடைக்காத பழைய கேபிளைத் தேடி எடுங்கள்.

386, 486 மெஷின்கள் பலவற்றில் ஐடிஇ இணைப்பு மதர்போர்டில் இருக்காது, தனிக் கார்டில் இருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்தக் கார்டு ஸ்லாட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பிவிடும். கழற்றி, தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, அழுத்திச் செருகி ஸ்க்ரூவை முடுக்குங்கள். ரிப்பேர் கடைகளில் முதலில் இதைத்தான் செய்வார்கள். பாதி நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடும்.

ஜம்பர் விஷயத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய டிஸ்க்குகள் பலரையும் குழப்பும். ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். மற்றவை பலவற்றில் இந்த இரண்டு நிலைதான். இவற்றில் தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு ஒரு நிலை, ஸ்லேவோடு சேர்ந்த மாஸ்டருக்கு வேறொரு நிலை. தனி டிஸ்க்கை மாஸ்டர் என்று வைத்தால், இல்லாத ஸ்லேவுக்காகக் காத்திருந்து பதில் தராமல் போகும். யாரோ ஒருவர் எப்போதோ சிடி டிரைவை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

காதை வைத்துக் கேளுங்கள்

இதுவரை எல்லாம் சரி, டிஸ்க் இன்னும் பதில் தரவில்லை என்றால் இனி டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். அறையில் ஃபேனை அணையுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனையை டிஸ்க்கின் ஓரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு ஒருவரை சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். மோட்டார் மெக்கானிக்குகள் இன்ஜினில் செய்யும் அதே வித்தை.

நல்ல டிஸ்க் மெல்ல ஊளையிட்டு மேலே ஏறும், ஒரு நிலையில் நிற்கும், பிறகு ஹெட் அசையும் கரகரப்பு கொஞ்சம், அவ்வளவுதான். சுற்றிக் கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிட்டால், 12 வோல்ட் பற்றாமல் இருக்கலாம், அல்லது தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டித் தடத்தை ஹெட் தேடிக் கிடைக்காமல் கைவிட்டிருக்கலாம். தாளம் தப்பாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் ஹெட் அல்லது தட்டு பழுது. அது வீட்டில் சரிசெய்யும் வேலை இல்லை. உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால் உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்கும் தொழில்முறை ஆட்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு டிக்கும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம்.

காதைக் கிழிக்கும் கீச்சொலி மட்டும் கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் சில பழைய டிஸ்க்குகளில் அற்பமான விஷயம். தட்டுகளில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்குவதற்காக அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய உலோக நாக்கு சுழலச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது தேய்ந்து கத்துகிறது. பேரிங் போய்விட்டது என்று தூக்கிப்போட்ட டிஸ்க்குகளில் எத்தனை இப்படிப் போயினவோ.

சத்தமே இல்லாத டிஸ்க்

சத்தமே வரவில்லை, கரண்ட் மட்டும் சரியாகப் போகிறது. அல்லது "ம்ம்" என்று முனகிவிட்டு அடங்குகிறது. இது ஒட்டிக்கொண்ட டிஸ்க்கின் அடையாளம். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் ஹெட் ஓய்வெடுப்பது தட்டின் மேலேயேதான். தட்டு கண்ணாடி போல வழவழப்பானது, மேலே மசகுப் பூச்சு வேறு. பத்து இருபது ஆண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பேரிங்கில் உள்ள கிரீஸும் இறுகியிருக்கும்.

சரி, என்ன செய்வது? டிஸ்க்கைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் சில மணி நேரம் வைத்து அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வந்ததென்றால் இது கட்டாயம். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் துளித்துக்கொள்ளும், டிஸ்க்கின் மூச்சுத் துளை வழியாக உள்ளேயும் போகும். பிறகு ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்கு மெதுவாகச் சூடாக்குங்கள். கரண்ட் இல்லாமல், டிஸ்க்கைத் தட்டையாக இரு கைகளால் பிடித்து, கார் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவதுபோல இடமும் வலமும் நான்கைந்து முறை திருப்புங்கள். தட்டு சுற்றும் தளத்திலேயே திருப்ப வேண்டும், மேலும் கீழும் உலுக்கக் கூடாது. உள்ளே தட்டு தன் எடையால் பின்தங்கும், ஹெட் விலகும். கரண்ட் கொடுத்துப் பாருங்கள். கிளம்பவில்லையென்றால் கரண்ட் இருக்கும்போதே ஒரே ஒரு திருப்பு. சுற்றத் தொடங்கிய நொடியிலிருந்து டிஸ்க்கை அசைக்கவே கூடாது.

ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஒட்டிக்கொண்ட டிஸ்க்குக்குக் குளிர் எதிரி, வெளியே எடுத்ததும் ஈரம் படிவது அதைவிடப் பெரிய எதிரி. சுத்தியலின் பிடியால் தட்டுவது, மேசையில் மோதுவது எல்லாம் என் பட்டியலில் இல்லை. மூடியைத் திறப்பதும்தான். ஹெட் தட்டின் மேல் மிதக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கு. நம் வீட்டுக் காற்றில் மிதக்கும் ஒரு தூசு அங்கே பாறாங்கல்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் மெக்கின்டாஷ் கணினிகளில் வந்த குவாண்டம் புரோடிரைவ் டிஸ்க்குகளில், ஹெட் கை மோதி நிற்பதற்கு வைத்த ரப்பர் தாங்கி காலப்போக்கில் வெல்லப்பாகுபோல உருகி ஒட்டிக்கொள்ளும். தட்டு நன்றாகச் சுற்றும், ஹெட் மட்டும் வராது. அதை விடுவிக்கத் திறந்துதான் ஆக வேண்டும். துணிந்து திறந்தவர்கள் கோப்புகளை எடுத்திருக்கிறார்கள், ஆனால் திறந்த பிறகு அதை நம்பி ஓட்ட முடியாது, படி எடுக்கும்வரை ஓடினால் லாபம்.

படி எடுப்பது

டிஸ்க் சுற்றிவிட்டதா? இனி அணைக்காதீர்கள். பூட் ஆகட்டும், விளையாடிப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். டிஸ்க்கின் மேல் ஒரு சிறிய ஃபேன் காற்று படும்படி வையுங்கள். கையில் தேவையானவை எல்லாம் இல்லாவிட்டால், ஒட்டிய டிஸ்க்கை விடுவிக்கும் அந்தத் திருப்பு வேலையையே தள்ளிப்போடுங்கள். ஏற்பாடு முடிந்த பிறகுதான் எழுப்ப வேண்டும்.

எளிதாகக் கிடைக்கும் யுஎஸ்பி ஐடிஇ அடாப்டரை வாங்கிச் செருகுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 1990களின் பிற்பாதி டிஸ்க்குகளுக்கு அது சரி. அதற்கு முந்தையவற்றில் பலவும் எல்பிஏ முறையே தெரியாதவை. சிலிண்டர், ஹெட், செக்டர் என்றுதான் பேசும். அடாப்டருக்கு அந்த மொழி தெரியாது. "டிஸ்க் இல்லை" என்று வரும், நீங்கள் டிஸ்க் செத்ததாக நினைப்பீர்கள். இதற்கு நல்ல வழி, மதர்போர்டிலேயே ஐடிஇ போர்ட் உள்ள ஒரு பென்டியம் 3 மெஷின். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய போர்டு தேடினால் கிடைக்கும். ஒரு போர்ட்டில் பழைய டிஸ்க், இன்னொரு போர்ட்டில் படி எழுதுவதற்குக் காலியான பெரிய டிஸ்க். 32 பிட் லினக்ஸ் சிடியில் பூட் செய்து, பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவராமல்), ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நிரலை ஓட்டுங்கள்.

அந்த நிரலின் அருமை, அது முட்டாள்தனமாக அடம்பிடிக்காது. முதல் ஓட்டத்தில் எளிதாகப் படிக்க முடிந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத இடங்களைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகச் சொல்லலாம். குறித்த இடங்கள் மேப் கோப்பில் இருக்கும். இரண்டாவது ஓட்டத்தில் அந்த இடங்களை மட்டும் மறுபடி முயலும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பு இல்லாமல் ஓட்டினால் இந்த நன்மை எதுவும் இல்லை, எனவே அதை மறக்காதீர்கள். அச்சகத்து டிஸ்க்கில் பெரும்பகுதி கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. மீதி சில நூறு செக்டர்களுக்கு விடிய விடிய மல்லுக்கட்டியது.

கட்டளை அடிக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். எதிலிருந்து எதற்கு? இரண்டு டிஸ்க்குகளின் அளவையும் திரையில் பார்த்து, பழையது எது என்று உறுதிசெய்த பிறகே என்டர். மாற்றி அடித்தால் காலி டிஸ்க்கின் படி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும். மன்னிப்பே கிடையாது.

பென்டியம் 3 கிடைக்கவில்லை, மெஷின் சி டிரைவிலிருந்து தானே பூட் ஆகிறது என்றால் வேறொரு வழி உண்டு. எம்எஸ் டாஸ் 6இல் இன்டர்லிங்க், இன்டர்சர்வர் என்ற ஜோடி நிரல்கள் இருக்கின்றன. பேரலல் போர்ட்டுக்கான லேப்லிங்க் கேபிள் ஒன்றால் இரண்டு பழைய மெஷின்களை இணைத்துக் கோப்புகளை மட்டும் நகலெடுக்கலாம். மெதுவாகத்தான் போகும். நடுவில் "அபார்ட், ரிட்ரை, ஃபெயில்" என்று கேட்டால் இரண்டு மூன்று முறை ரிட்ரை கொடுங்கள், வராவிட்டால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முக்கியமானவற்றை முதலில் எடுங்கள். கேம்களை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம்.

வைரஸ் இருக்கலாம் என்று தோன்றினால் டிஸ்க்கிலிருந்து பூட் செய்யாமல், எழுத முடியாதபடி பூட்டிய சுத்தமான ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்யுங்கள். மார்ச் 6ஆம் தேதி டிஸ்க்கை அழிக்கும் மைக்கேலேஞ்சலோ போன்ற பூட் செக்டர் வைரஸ்கள் பழைய மெஷின்களில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். எஃப்டிஸ்க்கால் பூட் பதிவைத் திருப்பி எழுதினால் வைரஸ் போய்விடும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். மங்கி போன்ற சில வைரஸ்கள் பார்ட்டிஷன் அட்டவணையை மறைத்துவைத்திருக்கும், அப்படி எழுதினால் டிஸ்க்கே கைவிட்டுப் போகும். படி எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் முயன்று பாருங்கள்.

எடுத்த தமிழ்க் கோப்புகள் குப்பையாகத் தெரிந்தால்

அச்சகத்து டிஸ்க்கில் தேடியது 1997இல் ஓர் ஊர்க் கோயிலுக்காகச் செய்த கும்பாபிஷேக மலர். கோப்புகள் கிடைத்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. மலரைக் கேட்ட பெரியவர் டிஸ்க் அரித்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார். அரிக்கவில்லை. தமிழ் யூனிகோடு 1991லேயே வந்தாலும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் புழங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள்தான். பாமினி எழுத்துருவில் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அடுக்கு வைத்திருந்தது. தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை 1999இல்தான் அறிவித்தது.

எனவே தமிழ்க் கோப்புகள் உள்ள டிஸ்க் என்றால் ஆவணங்களோடு விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும், பேஜ்மேக்கர் போன்ற நிரலையும் சேர்த்தே எடுத்துவையுங்கள். எழுத்துரு பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. உண்மையான சேதமா, எழுத்துரு விஷயமா என்று பிரித்தறிய ஒரு வழி: எழுத்துருச் சிக்கல் என்றால் கோப்பு முழுக்க ஒரே சீராக, இடைவெளிகளோடு, திரும்பத் திரும்ப வரும் சேர்க்கைகளோடு இருக்கும். டிஸ்க் சேதமென்றால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் உரை திடீரென்று அறுந்து, 512 பைட்டுக்கு வெறுமையாகி, மறுபடி தொடரும். மலரில் அப்படி இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டும் நன்கொடையாளர் பட்டியலில். அச்சான பிரதியைப் பார்த்து நிரப்பிக்கொண்டார்கள்.

எம்எஃப்எம் டிஸ்க் என்றால்

டிஸ்க்குக்கு 34 பின், 20 பின் என்று இரண்டு ரிப்பன் கேபிள்கள் போனால் அது ஐடிஇ இல்லை. 1983இல் 10 எம்பி டிஸ்க்கோடு வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி முதல் 80களின் கடைசிவரை பெரும்பாலும் இந்த வகைதான். எக்ஸ்டியில் 1701 என்று எண் வந்தால் டிஸ்க் பகுதியில் கோளாறு. இவற்றில் கன்ட்ரோலர் கார்டும் டிஸ்க்கும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, பிரிக்கக் கூடாது. ஒரு கார்டு எழுதியதை வேறு வகைக் கார்டு படிக்காது. நகர்த்தும் முன் பார்க் கட்டளை கொடுத்து ஹெட்டை ஒதுக்க வேண்டும், பலவற்றில் தானாக ஒதுங்காது. ஸ்டெப்பர் மோட்டார் டிஸ்க்குகளில் தடங்கள் காலப்போக்கில் விலகும், குளிரில் படிக்காதது அரை மணி நேரம் ஓடி வெதுவெதுப்பானதும் படிக்கும். படி எடுத்து முடித்த பிறகு, டிஸ்க் எந்த நிலையில் படுத்து ஓடப்போகிறதோ அதே நிலையில், நன்றாகச் சூடான பிறகு, கார்டின் சொந்த லோ லெவல் ஃபார்மேட்டை ஓட்டினால் பல டிஸ்க்குகள் புதிதுபோல எழுந்துகொள்ளும். மேலே ஒட்டியிருக்கும் கெட்ட தடங்களின் பட்டியலை அப்போது கேட்கும், கிழித்துவிடாதீர்கள்.

படி கையில் வந்த பிறகு

இப்போது ஸ்கேன்டிஸ்க்கை முழு மேற்பரப்புச் சோதனையோடு ஓட்டலாம். சில கெட்ட செக்டர்கள் வந்தால் கவலையில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஓட்டி, எண்ணிக்கை கூடியிருந்தால் அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். பூட் மட்டும் ஆகவில்லையென்றால் அதே டாஸ் பதிப்பின் ஃபிளாப்பியிலிருந்து, பூட் கோப்புகளை மறுபடி எழுதும் சிஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள்.

தினமும் ஓட்ட வேண்டிய மெஷினுக்கு என் ஓட்டு காம்பாக்ட் ஃப்ளாஷ் என்ற மெமரி அட்டைக்குத்தான். அது ஐடிஇ மொழியையே பேசுவதால் விலை மலிவான ஒரு சிறு அடாப்டர் போதும். 512 எம்பி அட்டை வாங்கினால் பழைய பயாஸின் 52.8 கோடி பைட் எல்லைக்குள் அடங்கும். பழைய டிஸ்க்கின் படியை அப்படியே அதில் கொட்டாதீர்கள், எண்கள் வேறாக இருப்பதால் பூட் ஆகாமல் தொல்லை கொடுக்கும். எஃப்டிஸ்க், ஃபார்மேட், சிஸ் என்று புதிதாகத் தயார் செய்து கோப்புகளை மட்டும் நகலெடுங்கள். சத்தமே இல்லாத மெஷின் முதல் நாள் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். டிஸ்க் விளக்கோடு இணைத்தால் கரகரவென்று ஒலியெழுப்பும் குட்டி போர்டுகளை இதற்காகவே சிலர் செய்து விற்கிறார்கள். நான் இன்னும் வாங்கவில்லை, ஆசை மட்டும் இருக்கிறது.

கழற்றிய டிஸ்க்கை எறிய வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் மூன்று எண்கள், நார்மலா எல்பிஏவா என்ற முறை, ஜம்பர் நிலை, படி எடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதி, மூச்சுத் துளையை மறைக்காமல் மேலே ஒட்டுங்கள். நிலைமின்சாரம் தாங்கும் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, பரணில் வைக்காமல், சூடு ஏறாத அலமாரியில் வையுங்கள்.